அவவிட்டயே கேளுங்க

மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், கை கால் இழுக்கும், பேச்சும் இழுபட்டு வரும், ஒரு வசனம் முடிய நேரம் எடுக்கும். தங்கச்சியின் கணவர் தன்னுடைய ஓட்டோவில் ஏற்றி, குருமண்வெளிப் பாதையில் வாவியைக் கடந்து (எங்கள் பக்கத்தில் ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் அந்த மிதவைக்குப் பெயரே பாதைதான்), களுவாஞ்சிக்குடியால் நேரே மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுவந்து எங்கள் சட்ட உதவி ஒபிஸ் வாசலில் இறக்கினார். நான் அங்கே பயிலுநராகச் சேர்ந்து நாலாவது நாள். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார், நான் எழுதத் தொடங்கினேன். அரைப் பக்கம் நிரம்பிவிட்டது. எங்கள் சட்டத்தரணி மிஸ் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"அவவிட்டயே கேளுங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், ஏசவில்லை. அந்த அண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லி விறாந்தையில் இருத்திவிட்டு, ஒரு கதிரையை இழுத்து அக்காவின் முகத்துக்கு நேரே போட்டு என்னை அதில் இருக்கச் சொன்னார். நான் எழுதியிருந்த அரைப் பக்கத்தில் இருந்தது மாதாந்தக் கொடுப்பனவு பற்றிய கதை. அதுவும் பொய்யில்லை. ஆனால் அடுத்த ஒன்றரை மணித்தியாலத்தில் அந்த அக்கா சொன்னதில் கொடுப்பனவு ஒரு ஓரமாகத்தான் இருந்தது. அவர் வந்தது வீட்டைப் பற்றிப் பேச.

எங்கள் மட்டக்களப்பு வழக்கத்தைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இங்கே வீடு பெண் பிள்ளைக்குத்தான். கலியாணம் கட்டும்போது தாய் இருந்த வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றோர் ஒதுங்கிப் பக்கத்தில் ஒரு குடிசையோ சின்ன வீடோ கட்டிக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் ஏறுவார். பெண்ணுக்குப் பெரிய பலம் இது, நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம். ஆனால் இந்த வழக்கத்துக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது: கலியாணம் கட்டமாட்டாள் என்று ஊர் முடிவு கட்டிய பெண்ணுக்கு வீடு எப்போது வரும்? அந்த அக்காவைப் பற்றி அவருக்குப் பத்து வயதாகும்போதே அப்படி முடிவாகிவிட்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது, வீடு தங்கச்சியின் வீடு ஆனது, அக்கா அவர் பிறந்த அதே அறையில் இருந்துகொண்டே விருந்தாளி ஆகிவிட்டார்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்றால், தாய் வாயால்தான் கொடுத்திருந்தார், உறுதி (காணிப் பத்திரம்) எழுதவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் கையொப்பம் வைக்கவேண்டும், வாய்ச்சொல் செல்லாது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, மரணசாசனமும் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர்கள் உடனே தங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிக் கேட்பார்கள், அது எங்களுக்குப் பொருந்தாது, இங்கே பொதுச் சட்டம்தான். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சரிபாதி. அதாவது ஊர் முழுக்கத் தங்கச்சி வீடு என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் பாதி அந்த அக்காவுக்குச் சொந்தம். அதை மிஸ் சொன்னபோது அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாதியா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கச்சியும் கணவரும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். பிள்ளைகளின் படிப்புக்காக வங்கியில் கடன் எடுக்க நினைத்திருக்கிறார்கள். வங்கி உறுதி கேட்டிருக்கிறது. உறுதி எழுதப் போன இடத்தில்தான் அக்காவின் பங்கைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று தெரியவந்திருக்கிறது. அங்கே இருந்தவர் அக்காவைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் இல்லை, கூட வந்தவரிடம், "இவவுக்கு விளங்குமா?" என்று கேட்டாராம். விளங்கும் என்று டொக்டரிடம் கடிதம் எடுத்துவரச் சொன்னாராம். நான் நாலாவது நாள் கேட்ட அதே கேள்வியின் இன்னொரு வடிவம் அது. அதனால்தான் எனக்குச் சுட்டது.

சரி, இனி நான் ஏன் அங்கே போனேன் என்பதையும் சொல்கிறேன். சட்டம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். விடுமுறையில் ஊரில் சும்மா இருக்காமல் எங்கேயாவது பழகவேண்டும் என்று பல சட்டத்தரணிகளிடம் கேட்டு, கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் சட்ட உதவி செய்யும் இந்தச் சின்ன நிறுவனத்தில் மூன்று மாதம் கிடைத்தது. சம்பளம் இல்லை, பஸ் காசு தந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானவர்கள், 16 லட்சத்துக்கு மேலே, ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கிறார்கள். எங்கள் பெட்சில் ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டு உண்மையையும் நான் அதற்கு முன் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை.

ஒபிஸில் களவேலை பார்த்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). இருபத்துச் சொச்சம் வயதில் தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டு, அதிலிருந்து சக்கர நாற்காலி. எனக்குச் சட்டத்தை யார் அதிகம் படிப்பித்தார்கள் என்று கேட்டால் மிஸ்ஸுக்குச் சமமாக அவரையும் சொல்வேன். எந்தச் சொல்லைப் பாவிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு படிவத்தில் அங்கவீனர், இன்னொன்றில் வலுவிழந்தோர், பாடசாலைக் கடிதத்தில் விசேட தேவையுடையோர், பேப்பரில் மாற்றுத்திறனாளி. நானாவிடம் கேட்டேன். "எனக்கு மாற்றுத்திறன் ஒண்டும் இல்ல தங்கச்சி. படி ஏற ஏலா. படி இருக்கிற இடத்தில சாய்தளம் இருந்தா ஏறுவன். அப்ப அந்த இயலாமை என்ட உடம்பிலயா இருக்கு, படியிலயா?" உரிமை பற்றிய எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் இரண்டு பக்கத்துக்கு இருக்கும் விஷயத்தை அவர் விறாந்தையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அவரோடு பொதுக் கட்டடங்களை அளக்கப் போனதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி, என் போன் கமெரா. 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, பொதுமக்கள் போகும் கட்டடங்களில் சாய்தளம், கதவகலம், கழிப்பறை எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்று. சாய்தளத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். நாங்கள் போன ஒரு அலுவலகத்தில் வாசலில் மூன்று படி, படிக்கு அரை அடி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். அப்படியானால் 18 அடிக்குச் சாய்தளம் இருக்கவேண்டும். இருந்தது 6 அடி. நானாவின் கை பலமான கை, அவர் கீழிருந்து தள்ளிப் பார்த்தார், பாதியில் நாற்காலியின் முன்சில்லு மேலே எழும்பியது, நான் பின்னால் பிடிக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பார். உச்சிக்குப் போனால் அங்கே இருக்கும் கதவுக்குப் பூட்டு. திறப்பு யாரிடம் என்று கேட்டோம், அவர் லீவில் என்றார்கள்.

இப்படிக் கட்டுவதைவிடக் கட்டாமல் விடலாம் என்று நான் ஆத்திரத்தில் சொன்னேன். நானா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டியிருப்பதால்தான் கேள்வி கேட்க முடிகிறது என்றார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுத வைத்தார். எந்த வரைபடத்தின்படி கட்டினீர்கள், எந்த அளவுத்திட்டம், யார் பார்த்து அங்கீகரித்தது, அந்தக் கதவு நாளில் எத்தனை மணித்தியாலம் திறந்திருக்கிறது. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு கடந்து பதில் வந்தது, ஒரே வரி: சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது. மேன்முறையீடு எழுதினோம். நான் விலகி இரண்டு மாதத்துக்குப் பிறகு நானா ஒரு படம் அனுப்பினார். கதவு திறந்திருந்தது. சாய்தளம் அதே 6 அடிதான்.

அஜித் பெரேரா என்ற பெயரையும் நானாதான் எனக்குச் சொன்னார். 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் முறிந்து விழுந்து, அதன்பிறகு சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி. 2009 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட்டு, 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி, புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அந்த ஒழுங்குவிதிகளின்படி இருக்கவேண்டும் என்ற கட்டளையைப் பெற்றவர். அந்தத் தீர்ப்பின் பிரதி எங்கள் ஒபிஸில் நாலைந்து இருந்தது, மூலை மடிந்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டு. போகும் இடத்துக்கெல்லாம் நானா ஒன்றைக் கொண்டுபோவார். "அவருக்கும் மரத்தாலதான்" என்பார்.

அப்புறம், என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம். பார்வையற்ற பட்டதாரி ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்து நேர்முகம் வரை போய் நிராகரிக்கப்பட்டவர். அரச வேலையில் 3 சதவீதம் இயலாமையுடையவர்களுக்கு என்று 1988 இலேயே பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது, 27/88. நேர்முகத்தில் அவரிடம் பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கரும்பலகையில் எப்படி எழுதுவீர்கள் என்று ஒரு கேள்வி, அதுவும் அவரைக் கூட்டிப் போன தம்பியைப் பார்த்து. (திரும்பத் திரும்ப அதேதான். நான் கணக்கு வைக்கத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் நான் பதிந்த முறைப்பாடுகளில் அப்படிப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்ட கதை இல்லாதது மிகக் குறைவு.)

அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சமத்துவம், அது மீறப்பட்டால் 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். கொழும்பு, புதுக்கடை. இங்கிருந்து ஒரு இரவு ரயில் தூரம். அந்த அண்ணன் எங்களிடம் வந்தபோது ஏழு வாரம் கடந்திருந்தது. ஏன் பிந்தினீர்கள் என்று நான் கேட்டேன். நிராகரித்த கடிதம் சாதாரண அச்சில் தபாலில் வந்திருக்கிறது. வீட்டில் வயதான தாய் மட்டும், அவருக்கு வாசிக்கத் தெரியாது. தம்பி வேலைக்குக் கட்டார் போய்விட்டார். கடிதம் சாமி அறையில் இருந்திருக்கிறது, திருவிழாவுக்கு ஊருக்கு வந்த மச்சாள் எடுத்து வாசிக்கும் வரை. அவருடைய பெயருக்கு வந்த கடிதம், அவருடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கடிதம், அவர் வாசிக்க முடியாத வடிவத்தில் அவருடைய வீட்டிலேயே கிடக்க, சட்டத்தின் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்திருந்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கெடுவில் கணக்கெடுக்கப்படாது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் 13 ஆம் பிரிவு. தெரிந்தவர்களுக்கு உதவும் கதவு அது, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மிச்சம் இருந்தது அதே வருடத்தின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23 ஆம் பிரிவு வேலையில் சேர்ப்பதிலும் படிப்பில் அனுமதிப்பதிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது, 24 ஆம் பிரிவு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. அதாவது மட்டக்களப்பிலேயே, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில். இரண்டு வருடம் சட்டம் படித்த எனக்கு இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு விரிவுரைகூட நடந்ததில்லை. மனுவின் முதல் வரைவை மிஸ் என்னிடம் தந்தார். ஆறு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் அந்த அண்ணனுக்குப் போனில் ஒலிப்பதிவாக அனுப்பினோம், அவர் கேட்டுவிட்டுத் திருத்தம் சொல்வார். நான் எழுதிய "பரிதாபகரமான நிலை" என்ற சொல்லை வெட்டச் சொன்னார். "நான் பரிதாபம் கேட்டு வரல்ல, முதல் வகுப்புச் சித்தி எடுத்திருக்கன், அதை முதலாம் பந்தியில போடுங்க" என்றார். போட்டோம். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது, அதனால் அதைப் பற்றி இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

காது கேளாத ஒரு பையனின் பொலிஸ் முறைப்பாடும் வந்தது. அதை நீட்ட விரும்பவில்லை. தாயின் வீட்டுச் சைகை ஒன்று, அவன் பாடசாலையில் படித்த சைகை மொழி இன்னொன்று, வாக்குமூலம் எழுதியவருக்கு இரண்டும் தெரியாது. வேறு மாவட்டத்திலிருந்து ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை வாட்ஸ்அப் வீடியோவில் பிடித்து, போனைச் சுவரில் சாத்திவைத்துத்தான் அவன் சொன்னதை முழுதாகக் கேட்டோம். முதல் வாக்குமூலத்தில் அவன் சொன்னதாக இருந்தது அவன் சொல்லாதது.

மண்டூர் அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். டொக்டர் கடிதம் எடுப்பதில்லை என்று மிஸ் உறுதியாக நின்றார். வயது வந்த ஒருவருக்குத் தன் காரியத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் இருக்கிறது என்றுதான் சட்டம் தொடங்கவேண்டும், இல்லை என்பவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும், பேச்சு இழுப்பதற்கும் புத்திக்கும் தொடர்பில்லை. 1873 ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம் இன்னும் எங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த, இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 12 ஆவது உறுப்புரையும் இருக்கிறது, எல்லோருக்கும் சமமான சட்ட ஆற்றல் உண்டு என்று. அந்த இரண்டுக்கும் நடுவில் அந்த அக்கா எங்கள் மேசையின் முன்னால் இருந்தார்.

என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டோம். பாதியை விற்கவா, பிரிக்கவா, வழக்குப் போடவா என்று நான் மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவர் கேட்டது எதுவும் அதில் இல்லை. தங்கச்சிக்கே எழுதிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் படிக்கட்டும் என்றார். ஆனால் என்னுடைய அறை, அறையிலிருந்து கிணற்றடிக்குப் போகும் வழி, முன் மாமரத்துக்குக் கீழே நான் இருக்கும் இடம், இவை நான் சாகும் வரை எனக்கு வேண்டும், யாரும் எழுப்பக்கூடாது என்றார். அதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு, சீவிய உரித்து. உறுதியை எழுதும்போதே சீவிய உரித்தை ஒதுக்கி எழுதலாம். அதைக் கேட்டதும் தங்கச்சி அழுதுவிட்டார். இவ்வளவு காலமும் அக்காவை எழுப்பும் நினைப்பே தனக்கு வந்ததில்லை என்றார், அது உண்மையாகத்தான் இருக்கும். நினைப்பு வந்ததில்லை என்பது வேறு, வந்தாலும் முடியாது என்பது வேறு என்று மிஸ் அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வங்கியும் இந்த நிபந்தனையோடு கடன் தருமா என்பது அடுத்த தலையிடி ஆனது, தொகை குறைந்தது, தங்கச்சியின் கணவர் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

உறுதி முடிக்கும் நாள் வேறொரு நொத்தாரிசின் ஒபிஸ், கீழ்மாடி, படி இல்லை. நானா ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெருவிரல் அடையாளம் போதும், சட்டப்படி செல்லும் என்று சொன்னோம். அக்கா கேட்கவில்லை. இரண்டு கிழமையாக மருமகளின் பழைய கொப்பியில் தன் பெயரை எழுதிப் பழகியிருந்தார், கொப்பியையும் கொண்டுவந்து காட்டினார், முதல் பக்கத்தில் கோடாகவும் கடைசிப் பக்கத்தில் எழுத்தாகவும் இருந்தது. நொத்தாரிசு வயதான மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறுதியை எடுத்தார். பழக்கதோசத்தில் மைத்துனரின் பக்கம் திரும்பியவர், மிஸ் ஒன்றும் சொல்லுமுன்னே தானாகவே கதிரையைத் திருப்பி அக்காவைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். எல்லைகள், பரப்பு, பேர்ச்சஸ், வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை. அறையும் கிணற்றடி வழியும் மாமரமும் வரும் பந்தியை வாசித்து முடித்து அடுத்ததற்குப் போனார்.

அக்கா கையைத் தூக்கினார். கை நேராக வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

"அந்த வரிய", மூச்சு எடுத்துக்கொண்டார், "இன்னொருக்கா வாசிங்க."

அவர் வாசித்தார்.